ஒரே மாஸ்க், ஏழு டோஸ்: பி.எம்.எம்.ஏ. படலத்தில் ஆர்கான் அயனியால் வடிவம் பதித்தல்

60 நானோமீட்டர் தடிமனில் பி.எம்.எம்.ஏ. (அக்ரிலிக் பிளாஸ்டிக்) படலம், அதன்மேல் மாஸ்காக 400 மெஷ் செப்பு கிரிட், 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் கற்றை. இந்த மூன்றையும் தொடாமல் டோஸை, அதாவது ஒரு சதுர செ.மீ.-இல் விழும் அயனிகளின் எண்ணிக்கையை, மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு துண்டில் குழியாக விழும் சதுரம் இன்னொரு துண்டில் மேடாக எழும்பும். நடுவில் ஒரு டோஸில் கரைப்பானில் போட்டாலும் உருப்படியாக எதுவும் தெரியாது. காரணம், பாலிமர் சங்கிலி முதலில் வெட்டுப்படுகிறது, பிறகு குறுக்கே பிணைகிறது, கடைசியில் கரியாகிறது. எந்தக் கட்டத்தில் கற்றையை நிறுத்துகிறோம் என்பதில்தான் வடிவத்தின் குணமே இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் டோஸ் கணக்குக்குத்தான் அதிக இடம்.

படலம் தயாரித்தல்

சிலிக்கான் வேஃபரை 15 × 15 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். அசிட்டோனில் 5 நிமிடம், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் அல்ட்ராசோனிக் குளியல். நைட்ரஜனால் ஊதிக் காயவைத்து, 150 டிகிரி செல்சியஸ் ஹாட்பிளேட்டில் 5 நிமிடம் வைத்தால் ஒட்டியிருக்கும் ஈரம் போகும். இந்த ஈரத்தை விரட்டாமல் விட்டால் டெவலப் செய்யும்போது (கரைப்பானில் கழுவி வடிவத்தை வெளிக்கொணரும்போது) படலம் ஓரத்திலிருந்து உரிந்து வரும்.

மூலக்கூறு எடை 9,50,000 உள்ள பி.எம்.எம்.ஏ., அனிசோலில் 2 சதவீதக் கரைசல். ஸ்பின் கோட்டரில் முதல் 5 விநாடி நிமிடத்துக்கு 500 சுற்று வேகம், பிறகு 45 விநாடி 4,000 சுற்று வேகம். 180 டிகிரியில் 90 விநாடி சூடு. தடிமன் 60 நானோமீட்டர் வாக்கில் வரும். இதே மூலக்கூறு எடையில் 4 சதவீதக் கரைசல் எடுத்தால் 200 நானோமீட்டர் அளவுக்கு வரும். சிலிக்கான் மேல் 200 நானோமீட்டர் படலம் வெளிர் தங்க நிறம் காட்டும். நிறம் சீராக இல்லையென்றால் தடிமனும் சீராக இல்லை. 60-இல் நிறத்தை நம்ப முடியாது, அளந்தே பார்க்க வேண்டும். துண்டின் ஒரு மூலையில் மெல்லிய எஃகு ஊசியால் சிலிக்கான் தெரியும்வரை கீறி, அந்தப் படியை அணுவிசை நுண்ணோக்கியில் அளந்தால் போதும். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு துண்டுகளையாவது இப்படி அளந்து ஒதுக்கி வைப்பது நல்லது. கற்றை படாத ஒப்பீட்டுத் துண்டு இல்லாமல் பின்னால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

தடிமன் ஏன் 60? 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் பி.எம்.எம்.ஏ.-வுக்குள் சராசரியாக 50 நானோமீட்டர் ஆழம் போய் நிற்கும். அதன் பரவல் 15 வாக்கில். ஆக, வால் பகுதி 80, 90 வரை நீளும். படலம் 60 என்றால் அடிவரை சேதம் எட்டும். 200 நானோமீட்டர் படலத்தில் இதையே செய்தால் மேல்தோல் மட்டும் பிணைந்து கெட்டியாகும்; அடியில் கன்னிப் பி.எம்.எம்.ஏ. அப்படியே இருக்கும். அசிட்டோனில் போட்டதும் ஓரங்கள் வழியே கரைப்பான் உள்ளே நுழைந்து அடிப்பகுதியைக் கரைத்துவிடும். தோல் சதுரம் சதுரமாக மிதந்து வெளியேறும். "அதிக டோஸ் கொடுத்தும் வடிவம் நிற்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டோஸை மேலும் ஏற்றிப் பயனில்லை. படலத்தை மெலிதாக்க வேண்டும், இல்லையென்றால் ஆழம் போகும் இலேசான அயனியை எடுக்க வேண்டும். 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஹீலியம் 200 நானோமீட்டரைத் தாராளமாகத் துளைத்துப் போகும்.

ஆழக் கணக்குக்கு எஸ்.ஆர்.ஐ.எம். நிரலே போதும். பி.எம்.எம்.ஏ.-வுக்கு கார்பன் 5, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 2 என்ற விகிதமும், கன செ.மீ.-க்கு 1.19 கிராம் அடர்த்தியும் கொடுக்க வேண்டும். அடர்த்தியைக் கொடுக்காமல் விட்டால் நிரல் தானாக ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும், அது பாலிமருக்குப் பொருந்தாது. இன்னொன்று: அந்த நிரலுக்குப் படலம் எப்போதும் புதியது. முதல் அயனிக்கும் கடைசி அயனிக்கும் ஒரே இலக்குதான் அதன் கணக்கில். உண்மையில் டோஸ் ஏற ஏறப் படலம் சுருங்கி அடர்த்தியாகும், ஆழம் குறையும். 10¹⁵-க்கு மேல் அந்த எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

மாஸ்க்

மின்னணு நுண்ணோக்கிக்குப் பயன்படும் 3.05 மில்லிமீட்டர் வட்டக் கிரிட் மலிவான, நேரான மாஸ்க். 400 மெஷ் என்றால் கண்ணிக்குக் கண்ணி 63.5 மைக்ரோமீட்டர்; திறப்பு 40 சுற்றுவட்டாரத்தில் இருக்கும், தயாரிப்பாளரைப் பொறுத்துச் சற்று மாறும். கிரிட்டை வட்டத் துளையுள்ள மெல்லிய எஃகுத் தகட்டால் அழுத்திப் பிடித்து, தகட்டை ஹோல்டரோடு திருகி, மின்தொடர்பு தரையோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும்.

கிரிட்டை ஒட்ட சில்வர் பெயின்ட் எடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கரைப்பான் பி.எம்.எம்.ஏ.-வைக் கரைக்கும், கிரிட்டுக்கு அடியில் ஊர்ந்து போய் பாதிப் படலத்தைப் பாழாக்கும். செப்பு டேப் அல்லது ஸ்பிரிங் கிளிப் போதும்.

வளைந்த கிரிட்டைத் தூக்கி எறியத் தயங்க வேண்டாம். அயனி பக்கவாட்டில் சிதறுவதால் விளிம்பு மங்குவது பத்து இருபது நானோமீட்டர்தான். கிரிட்டுக்கும் படலத்துக்கும் 100 மைக்ரோமீட்டர் இடைவெளி இருந்து, கற்றை அரை டிகிரி விரிந்தால் விளிம்பு 0.9 மைக்ரோமீட்டர் மங்கும். கூர்மையைக் கெடுப்பது இடைவெளிதான், அயனி அல்ல. இதே காரணத்தால் சாய்வுக் கோணமும் முக்கியம். குறைகடத்தி வேலைக்கு அமைத்த இயந்திரங்களில் துண்டை 7 டிகிரி சாய்த்து வைப்பது வழக்கம். படிக அடுக்குகளுக்கு நடுவே அயனி நழுவிப் போகாமல் தடுக்க. பி.எம்.எம்.ஏ.-வில் படிகமே இல்லை, சாய்வு தேவையில்லை. 7 டிகிரியில் 20 மைக்ரோமீட்டர் இடைவெளி வடிவத்தை ஏறக்குறைய 2.5 மைக்ரோமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளும். இயந்திரத்தை இயக்குபவரிடம் "சாய்வு பூஜ்யம்" என்று எழுதியே கொடுத்துவிடுவது மேல். சொல்லாவிட்டால் பழக்கத்தில் 7 வைத்துவிடுவார்.

மைக்ரோமீட்டருக்குக் கீழான வடிவம் வேண்டுமென்றால் சிலிக்கா உருண்டைகளின் ஓரடுக்கு. 1 மைக்ரோமீட்டர் உருண்டைகள் நெருக்கமாக அடுக்கினால் மூன்று உருண்டைகளுக்கு நடுவிலுள்ள முக்கோண இடுக்கில் அடங்கும் வட்டம் 155 நானோமீட்டர். இடுக்குக்கு இடுக்கு 577 நானோமீட்டர். பாலிஸ்டைரின் உருண்டை எளிதில் கிடைக்கும், ஆனால் இங்கே அது தொல்லை. கற்றை பட்டதும் அதுவும் பிணைந்து கெட்டியாகிவிடும். அதைக் கரைக்க டொலுயீன் ஊற்றினால் அடியில் உள்ள படலமும் சேர்ந்து போகும். சிலிக்காவை நீரில் அல்ட்ராசோனிக் கொடுத்தோ, ஒட்டுநாடாவால் எடுத்தோ நீக்கலாம்.

டோஸ் கணக்கு

துண்டுக்கு முன்னால் கற்றையை அளவாக்கும் துளையின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 0.785 சதுர செ.மீ. ஒற்றை மின்னூட்ட ஆர்கான். 80 நானோ ஆம்பியர் கற்றை என்பது விநாடிக்கு 5 × 10¹¹ அயனி. பரப்பால் வகுத்தால் சதுர செ.மீ.-க்கு விநாடிக்கு 6.36 × 10¹¹. இதிலிருந்து நேரம்:

10¹² – 1.6 விநாடி
10¹³ – 15.7 விநாடி
10¹⁴ – 157 விநாடி
10¹⁵ – 26 நிமிடம்
10¹⁶ – 4 மணி 22 நிமிடம்

1.6 விநாடியைக் கையால் திறந்து மூடும் ஷட்டரை வைத்துச் சரியாகப் பிடிக்க முடியாது. அரை விநாடி பிசகினாலே முப்பது சதவீதம் போய்விடும். குறைந்த டோஸ்களுக்குக் கற்றையை 10 நானோ ஆம்பியருக்கு இறக்க வேண்டும். 10¹² அப்போது 12.6 விநாடி, 3 × 10¹² 38 விநாடி, 10¹³ 126 விநாடி. 10¹⁶-க்கு 400 நானோ ஆம்பியருக்கு ஏற்றினால் 52 நிமிடத்தில் முடியும். அதற்கு மேல் ஏற்றும் ஆசையை அடக்க வேண்டும்; காரணம் பின்னால் வருகிறது.

இந்தக் கணக்கு முழுவதும் மின்னோட்ட அளவீட்டின் மேல்தான் நிற்கிறது, அந்த அளவீடு எளிதில் ஏமாற்றும். அயனி மோதும் பரப்பிலிருந்து இரண்டாம் நிலை எலக்ட்ரான்கள் வெளியேறும். எலக்ட்ரான் ஒன்று போவதும் நேர்மின் அயனி ஒன்று வருவதும் மீட்டருக்கு ஒன்றுதான். ஹோல்டரின் மின்னோட்டத்தை அப்படியே டோஸாக எடுத்தால் மீட்டர் கூட்டிக் காட்டும், கற்றையைச் சீக்கிரம் நிறுத்திவிடுவோம், படலத்தில் விழுந்தது கணக்கிட்டதைவிடக் குறைவாக இருக்கும். கற்றை மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கோப்பையின் வாயில், எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ள −100 முதல் −300 வோல்ட் வரை அடக்கு வளையம் இருக்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி: வளைய மின்னழுத்தத்தை பூஜ்யத்திலிருந்து மெல்ல எதிர்மறையாக்கிக்கொண்டே போக, மின்னோட்டம் இறங்கி ஓரிடத்தில் தட்டையாகும். அந்தத் தட்டைப் பகுதிதான் உண்மை.

வெற்றிடத்தில் மீதமுள்ள வாயுவோடு மோதி மின்னூட்டம் இழந்த அணுக்கள் இன்னொரு கோளாறு. கற்றையைத் துண்டின் மேல் அங்குமிங்கும் வீசும் ஸ்கேன் தட்டுகள் அவற்றை வளைக்காது, மீட்டரும் எண்ணாது. அவை நேராக வந்து துண்டின் நடுவில் ஒரே இடத்தில் விழும். சீராக ஸ்கேன் செய்தும் நடுவில் மட்டும் கருத்த புள்ளி தெரிந்தால் குற்றவாளி இவைதான். ஸ்கேன் தட்டுகளிலோ அவற்றுக்குப் பின்போ கற்றை ஒரு வளைவு எடுத்து வரும் அமைப்பில் இந்தத் தொல்லை இல்லை. அப்படி இல்லாத இயந்திரத்தில் துண்டை நடுவிலிருந்து விலக்கி வைப்பதே வழி. அழுத்தத்தை 10⁻⁶ மில்லிபாருக்குக் கீழே கொண்டுவந்தால் புள்ளி மங்கும், முழுவதும் போகாது.

காந்தத்தில் நிறை பிரிக்கும்போது 40-ஐ எடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இரட்டை மின்னூட்ட ஆர்கான் 20-இல் நிற்கும். அதே மின்னழுத்தத்தில் அதன் ஆற்றல் இரட்டிப்பு, மீட்டர் ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணும். தவறி அதைத் தேர்ந்தால் ஆழமும் டோஸும் ஒருசேரப் பிழையாகும்.

கற்றை போடும்போது

ஷட்டரைத் திறந்த முதல் சில விநாடிகளில் அறையின் அழுத்தம் துள்ளும். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, சிறு ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் படலத்திலிருந்து வெளியேறுகின்றன. வேலை நடக்கிறது என்பதற்கான அடையாளம் இது. அழுத்தம் 10⁻⁵ மில்லிபாரை எட்டினால் ஷட்டரை மூடி இறங்கும்வரை காத்திருக்கலாம்.

வெப்பத்தை எளிதில் கணக்கிடலாம்: ஆற்றலை மின்னோட்ட அடர்த்தியால் பெருக்கினால் போதும். சதுர செ.மீ.-க்கு 0.1 மைக்ரோ ஆம்பியர் என்றால் 3 மில்லிவாட். 10 மைக்ரோ ஆம்பியர் என்றால் 300 மில்லிவாட். பி.எம்.எம்.ஏ. 105 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். சிலிக்கான் மேல் ஒட்டிய மெல்லிய படலம் வெப்பத்தை அடியில் கடத்திவிடும், ஆனால் சிலிக்கான் ஹோல்டரோடு ஒட்டியிருக்க வேண்டும். அடியில் தூசு ஒன்று மாட்டி வேஃபர் தூக்கி நின்றால் அந்தத் துண்டு மட்டும் தனியாகச் சூடாகும். சூடு தாங்கும் அளவில் இருந்தாலும் வாயு வெளியேறும் வேகத்தைவிட உருவாகும் வேகம் கூடினால் தோலுக்கு அடியில் கொப்புளம் எழும்பும். நுண்ணோக்கியில் வட்டமான மேடுகள், சில வெடித்துப் பள்ளமாகி இருக்கும். 5 நிமிடம் கற்றை, 5 நிமிடம் ஓய்வு என்று விட்டு விட்டுப் போட்டால் அதே டோஸில் கொப்புளம் வராது. 10¹⁶ வரை போகும் துண்டுகளுக்கு இதையே வழக்கமாக்கிக்கொள்வது பாதுகாப்பு.

மின்னூட்டம் தேங்குவது 60 நானோமீட்டரில் பெரிய சிக்கல் இல்லை. சிலிக்கானுக்குக் கசிந்து போகும். 50 மைக்ரோமீட்டர் பாலியெஸ்டர் தாளில் இதே வேலையைச் செய்தால் பரப்பு கிலோவோல்ட் கணக்கில் ஏறி, திடீரென்று பொறிந்து, மரக்கிளை போன்ற தடங்களை விட்டுப் போகும். எலக்ட்ரான் தூவும் இழை இருந்தால் நல்லது. இல்லையென்றால் 5 நானோமீட்டர் கார்பன் பூச்சு. ஆழக் கணக்கில் அந்த 5-ஐயும் சேர்க்க மறக்கக்கூடாது.

செப்புக் கிரிட்டும் கற்றையால் தேயும். 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆர்கான் ஒன்று செப்பிலிருந்து பல அணுக்களைக் கிளப்பும். 10¹⁶ டோஸில் அது பல நானோமீட்டர் தேய்மானம். அதில் கொஞ்சம் கண்ணிகளின் ஓரத்தில் படியும். ஒரு கிரிட்டை ஒரு உயர் டோஸுக்கு மட்டும் பயன்படுத்திக் கழித்துவிடலாம்.

உலோக அறைச் சுவர் இந்த ஆற்றலில் உண்டாகும் எக்ஸ் கதிரை நிறுத்தும். பார்வைச் சாளரம் ஈயக் கண்ணாடியா என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கற்றையை நிறுத்திய உடனே அறையைத் திறப்பது நல்லதல்ல. படலத்தில் உடைந்த பிணைப்புகள் நிறைய மிச்சமிருக்கும். காற்று நுழைந்ததும் ஆக்சிஜன் அவற்றில் ஒட்டும். அரை மணி நேரம் வெற்றிடத்திலேயே விட்டு, உலர்ந்த நைட்ரஜன் நிரப்பித் திறக்கலாம். அப்படியும் நீர்த்துளிக் கோணம் முதல் சில நாட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அளந்த தேதியோடு நேரத்தையும் எழுதாத கோண அளவீடு வீண்.

டெவலப் செய்தல்: குழி எப்போது, மேடு எப்போது

மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோன் ஒரு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் மூன்று பங்கு, 21 டிகிரியில் 60 விநாடி. பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 30 விநாடி அலசி நைட்ரஜனால் ஊத வேண்டும். 10¹² முதல் 10¹³ வரையிலான துண்டுகளில் கற்றை பட்ட சதுரங்கள் கரைந்து சிலிக்கான் தெரியும். வெட்டுப்பட்ட குட்டைச் சங்கிலிகள் இந்தப் பலவீனமான கரைப்பானுக்கே மசிந்துவிடுகின்றன. தொடாத நெடுஞ்சங்கிலிகள் நிற்கின்றன. சதுரம் முழுதாகக் கரையாமல் மெல்லிய பொருக்கு மிஞ்சினால் டோஸ் குறைவு என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். டோஸ் கூடிப்போய் மேல்தோல் பிணையத் தொடங்கினாலும் அதே பொருக்குதான். அடுத்த துண்டில் டோஸைப் பாதியாக்கிப் பார்த்தால் எந்தப் பக்கம் தவறினோம் என்று தெரிந்துவிடும்.

3 × 10¹³, 10¹⁴ துண்டுகள் இடைப்பட்ட இனம். வெட்டும் பிணைப்பும் சரிக்குச் சரியாக நடந்து, பகுதி கரைந்து பகுதி நின்று, ஓரம் கந்தலாக இருக்கும். வடிவத்துக்கு உதவாது, ஆனால் எல்லை எங்கே என்று காட்டுவதால் டோஸ் வரிசையிலிருந்து இவற்றை நீக்கக்கூடாது. இந்த எல்லை அயனிக்கு அயனி நகரும். ஆர்கான் இந்த ஆற்றலில் பெரும்பாலும் அணுக்கருவோடு மோதி அணுக்களை இடம்பெயர்க்கிறது, அது வெட்டுக்குச் சாதகம். ஹீலியம் பெரும்பாலும் எலக்ட்ரான்களைக் கிளர்த்துகிறது, அது பிணைப்புக்குச் சாதகம். ஒரு அயனிக்குக் கண்ட டோஸை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

10¹⁵ துண்டை அசிட்டோனில் 2 நிமிடம் போட்டால் நிலைமை தலைகீழ். சுற்றியுள்ள படலம் கரைந்து, சதுரங்கள் மேடாக நிற்கும். 60 நானோமீட்டர் உயரம் எதிர்பார்க்கக்கூடாது. நிறை இழந்து சுருங்கிய உயரமே மிஞ்சும், பாதியாக இருந்தாலும் வியப்பில்லை. 10¹⁶-இல் சதுரங்கள் உலோகச் சாம்பல் நிறம் காட்டும், மின்சாரமும் கொஞ்சம் கடத்தும். கரைப்பான் எதுவும் இனி அதை அசைக்காது, ஆனால் தோல் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். வளையும் தாளின் மேல் இந்த டோஸ் போட்டால் முதல் வளைப்பிலேயே விரிசல்.

டெவலப் செய்யாமலே விட்டாலும் 10¹⁵ துண்டில் வடிவம் உண்டு: சுருக்கத்தால் சதுரங்கள் பத்துக்கணக்கான நானோமீட்டர் பள்ளமாகி இருக்கும். இதை ஒளியியல் புரொஃபைலோமீட்டரில் (மேடுபள்ளத்தை ஒளியால் அளக்கும் கருவி) அளந்தால் ஏமாந்துவிடுவோம். கற்றை பட்ட இடத்தில் ஒளிவிலகல் எண் 1.49-லிருந்து ஏறிவிட்டது, கருவி அந்த வேறுபாட்டையும் உயரமாக எண்ணும், சில நேரம் பள்ளத்தை மேடென்றே காட்டும். அணுவிசை நுண்ணோக்கி, இல்லாவிட்டால் 20 நானோமீட்டர் தங்கம் பூசிய பிறகு ஒளியியல்.

அடிப்பொருள் மென்மையாக இருந்தால்

மாஸ்க் சொன்ன வடிவம் போதாமல் தானாக எழும் அலைகள் வேண்டுமென்றால் பி.டி.எம்.எஸ். (சிலிக்கோன் ரப்பர்) நல்ல களம். மூலப்பொருளும் கெட்டிப்படுத்தியும் எடையில் 10:1, குமிழி நீக்கி, 70 டிகிரியில் 2 மணி நேரம். மீள்மை எண் 2 மெகாபாஸ்கல் அளவில் வரும். அயனி பட்டதும் மேல்தோல் கெட்டியாகிப் பக்கவாட்டில் விரிய முயலும். மென்மையான அடிப்பகுதி இழுத்துப் பிடிக்கும். தோல் மடிந்து அலையாகும். அடிப்பொருளை முன்கூட்டியே நீட்டிப் பிடித்து, பிறகு விடும் வேலையே வேண்டாம். 2007-இல் வெளியான ஒரு ஆய்வு குவித்த காலியம் கற்றையால் இதைச் செய்து காட்டியது.

அலைநீளம் = 2π × தோலின் தடிமன் × கனமூலம்(தோலின் மீள்மை ÷ 3 மடங்கு அடியின் மீள்மை). தோல் 50 நானோமீட்டர், மீள்மை விகிதம் 100 என்றால் அலைநீளம் 1 மைக்ரோமீட்டர். அலை தொடங்கத் தேவையான சுருக்கம் 2.4 சதவீதம். விகிதம் 1,000 ஆனால் 2.2 மைக்ரோமீட்டர், 0.5 சதவீதம். தடிமன் அலைநீளத்தை நேர் விகிதத்தில் மாற்றுகிறது, விறைப்போ கனமூலத்தில் மட்டுமே. ஆகவே அலைநீளத்தை மாற்ற நினைத்தால் டோஸை விட்டுவிட்டு ஆற்றலைத் திருப்ப வேண்டும். டோஸ் அலையின் உயரத்தைத்தான் அதிகம் தொடும். கிரிட்டின் விளிம்பை ஒட்டி அலைகள் விளிம்புக்குச் செங்குத்தாக நிற்கும், சதுரத்தின் நடுவில் தறிகெட்டு வளையும். ஒழுங்கான வரிகள் வேண்டுமென்றால் திறப்பைச் சில அலைநீளங்களுக்குள் அடக்கிய பட்டைகளாக வைக்க வேண்டும். 40 மைக்ரோமீட்டர் சதுரக் கண்ணி அதற்கு மிக அகலம்.